இசைத்தட்டில் ஆர்வெல்லாவின் குரல்

அத்தியாயம் 17

தம்பியின் பாட்டைத் தூக்கச் சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து ரோஸ்கோ பெட்டவேக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். நன்றாகவே இறங்கியது. நாலு நாளும் சோளரொட்டியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தூக்கம் போனது என்னவோ அவன் மனைவி ஆர்வெல்லாவுக்குத்தான்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிகாகோவில் எங்கள் மேற்குப் பக்கத்து டெல்ஃபீன் மதுக்கடையில் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கச்சேரி தொடங்கிவிடும். வாரம் முழுக்க ஊருக்காக வாசித்தவர்களுக்கும், இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கும் அன்றுதான் ஓய்வு. பதினாறு வருடமாக அங்கே ப்ளூஸ் பாடுவது ரோஸ்கோவின் குழு. போன திங்கட்கிழமை அந்தக் கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்து லாங்ப்ளே தட்டாகப் போட இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கெஸ்லர் வந்தார். சரக்கறையில் பீர் பெட்டிகளை நகர்த்திவிட்டு ஒலிநாடா இயந்திரத்தை வைத்தார். கூட்டத்தின் தலைக்கு மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்.

ரோஸ்கோவின் தம்பி அலோன்சோ அன்றைக்கென்று பார்த்து ஊருக்கு வந்திருந்தான். முடி வளர்த்த நாலு வெள்ளைக்காரப் பையன்களோடு ராக் குழுவில் கிடார் வாசிப்பவன். அவர்களுக்கு ஒரு பாட்டு இருபது நிமிடம். மேடையில் புகை, விளக்கு, இன்னும் என்னவெல்லாமோ. லண்டன் கச்சேரியின் பதிவு இரண்டு தட்டுகளாக வந்து, கடைகளின் சன்னலில் அவன் முகம் தொங்குகிறது. டெல்ஃபீன் கடையில் அவன் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் கிடாரை எடுத்தான். ஒன்பது நிமிடம். கடை இடிந்து விழாத குறை.

செவ்வாய்க்கிழமை ரோஸ்கோ நேரே கெஸ்லரின் பதிவு அறைக்குப் போனான். "நாப்பத்தாறு வயசுல எனக்கு முதல் லாங்ப்ளே. அதுல என் தம்பி பாட்டு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். இதுவரை போன வாரம்.

சனிக்கிழமை மதியம் கெஸ்லர் மாதிரித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கேட்டுப் பாருங்க, மிஸ்டர் பெட்டவே. பிடிச்சிருந்தா இந்தக் காகிதத்துல கையெழுத்து. அஞ்சு மணிக்கு வர்றேன். அஞ்சைத் தாண்டினா அச்சடிக்கிற இடத்துல நம்ம முறை போயிடும். அப்புறம் கோடைக்காலம்தான்."

"கோடையா? போன தடவையும் ஒருத்தன் கோடைன்னுதான் சொன்னான். அவன் எந்த வருஷத்துக் கோடைன்னு சொல்லல" என்றான் ரோஸ்கோ.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அரை நாள் வேலை முடித்து ஆர்வெல்லா அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. அடுப்பில் கீரையும் பன்றிக் கழுத்தெலும்பும் கொதித்துக்கொண்டிருந்தன. சோபாவில் அலோன்சோ கால் நீட்டிப் படுத்திருந்தான். மறுநாள் டெட்ராய்ட்டில் அவனுக்குக் கச்சேரி.

"எழுந்திருடா. லண்டன்காரனுக்கு எங்க மேடிசன் தெருச் சங்கீதம் கேட்குமா?" என்றான் அண்ணன்.

"போடுண்ணே. எந்தத் தெருவா இருந்தாலும் ஊசி ஒண்ணுதானே."

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ரோஸ்கோவின் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, புதுச் செருப்பு நடக்க நடக்கப் பழகுவது போல அது கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும். மூன்றாவது, அவன் சொந்தமாகக் கட்டிய 'லேக் தெரு ரயில்'. அதன் கடைசி அடியை அவன் இழுத்து நிறுத்தினான்.

அவ்வளவுதான். இசைப்பெட்டியிலிருந்து கூட்டத்தின் சத்தம் பொங்கி வெளியே வந்தது. கைத்தட்டல், விசில், மேசையைக் குத்துகிற சத்தம். நடுவே ஒரு தாம்பாளம் கண்ணாடிக் கோப்பைகளோடு தரையில் விழுந்து சிதறியது. அதையும் மீறி ஒரு பெண் குரல் உயர்ந்தது. "ஓ...! போடு ராஜா!"

ஆர்வெல்லாவின் கையில் இருந்த கரண்டி பாதியில் நின்றது. சோபாவில் அலோன்சோ மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

ரோஸ்கோ ஊசியைத் தூக்கினான். பாட்டின் கடைசிக்கே மறுபடி வைத்தான். "போடு ராஜா!" இன்னொரு தடவை வைத்தான். "போடு ராஜா!" நாலாவது தடவை ஊசி வழுக்கியது.

"இது உன் குரல்தானே, ஆர்வெல்லா?"

"ஆமா."

"கல்யாணமாகி இருபது வருஷம். அதுல பதினாறு வருஷமா அந்த ஓரத்து மேசையில உட்கார்ந்திருக்கே. ஒரு நாள் நீ வாயைத் திறந்து நான் பார்த்ததில்ல."

"அன்னைக்கு என்னமோ வந்துடுச்சு."

"எனக்காகவா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆர்வெல்லா கீரையைக் கிளறினாள். "வேற யாருக்காம்?" என்றாள்.

ரோஸ்கோ சிரித்தான். தலையையும் ஆட்டினான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, சவரம் செய்துகொண்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனான். காலையில்தான் சவரம் செய்திருந்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

கதவு சாத்தியதும் அலோன்சோ எழுந்து சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, அது என் கைத்தட்டல்."

"மெதுவாப் பேசு."

"கடையில பரிமாறுற பெர்னிஸ் தாம்பாளத்தைப் போட்டது நான் வாசிச்சு முடிச்சப்ப. அவ அழுதுகிட்டே பொறுக்கினா, நானும் குனிஞ்சு பொறுக்கினேன். என் விரல்ல இன்னும் காயம் இருக்கு, பாரு. அண்ணன் ரயில் பாட்டு பாடினது காலையில முதல்ல. அப்ப பாதிப் பேருக்குக் காபியே வரல. என் பாட்டைத் தூக்கிட்டு, அதுக்கு விழுந்த கைத்தட்டலை வெட்டி இவர் பாட்டோட வால்ல ஒட்டியிருக்கான் அந்தக் கெஸ்லர்!"

"எனக்குத் தெரியாதா? கத்தினவ நான்."

இதைச் சொல்லும்போதே அவளுக்கு முகம் சூடாகியது. தம்பி வாசித்ததற்குக் கத்தியதை எடுத்துக் கணவன் பாட்டில் ஒட்டிவிட்டார்கள். அதைக் கணவன் நாலு தடவை வைத்துக் கேட்கிறான். எனக்காகவா என்று வேறு கேட்கிறான். அவள் வேறென்ன சொல்லுவாள்?

"நான் சொல்லிடப் போறேன்" என்றான் அலோன்சோ.

"சொல்லி?"

"என் பாட்டைத் திரும்பப் போடச் சொல்வேன். இது என்ன நியாயம்? மாப்பிள்ளையை விரட்டிட்டு மாலையை மட்டும் பிடுங்கிக்கிற மாதிரி."

"உனக்குத்தான் ரெண்டு தட்டு வந்திருக்கே. கடைக்குக் கடை தொங்குறே. அவருக்கு இந்த ஒண்ணு. இதுவும் போனா அந்த மனுஷன் இரும்புப் பட்டறையில கிழவனாகிப் போவார். உனக்கு இது ஒரு பெரிய விஷயமாடா?"

"பெரிய விஷயம்தான், அண்ணி." அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "லண்டன்ல அஞ்சாயிரம் பேர். விளக்கு கண்ணுல அடிக்கும், ஒரு முகம் தெரியாது. தட்டுறாங்க, சரி. எனக்கா, புகைக்கா, விளக்குக்கா, யாருக்குத் தெரியும்? டெல்ஃபீன் கடையில முகம் தெரிஞ்சுது. நீ எழுந்து நின்னே. எனக்குச் சோறு போட்ட கை ரெண்டும் மேலே போச்சு. நான் வாசிச்சதுக்கு நீ ஒரு நாளும் கத்தினதில்ல. அதுகூட அண்ணனுக்குத்தானா? இந்த வீடும் அவருக்கு, நீயும் அவருக்கு, அந்தக் கடையும் அவருக்கு. என் ஒன்பது நிமிஷமும் அவருக்கு வேணுமா?"

ஊரெல்லாம் இவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது, இவன் இந்த இரண்டரை அறை வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். அந்தப் பையனை ஒன்பது வயதில் எடுத்து வளர்த்தவள் ஆர்வெல்லா. அவளுக்கே இது புதிதாக இருந்தது.

"அலோன்சோ, கேளு. கைத்தட்டல் போனாப் போகட்டும். அந்தக் குரலை நினைச்சுப் பாரு. நான் உனக்குத்தான் கத்தினேன்னு தெரிஞ்சா அவர் தாங்குவாரா? என்கிட்ட கேட்டார், நான் ஆமான்னுட்டேன். இனிமே மாத்திச் சொன்னா என்ன ஆகும்?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினான். இரண்டு கொக்கிகளையும் தேவைக்கு மேல் சத்தமாகப் போட்டான்.

"உனக்காக வாயை மூடிக்கிறேன். ஆனா நாளைக்குப் போகல, இன்னைக்கே போறேன். அஞ்சரைக்கு ஒரு பேருந்து இருக்கு."

"சாப்பிட்டுட்டுப் போ."

"உன் ராஜாவுக்குப் போடு" என்றான் அவன். சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஆர்வெல்லா திட்டவில்லை. தட்டில் சோளரொட்டியை வைத்து அவன் முன்னால் தள்ளினாள். சாப்பிட்டான்.

நாலேகாலுக்கு ரோஸ்கோ திரும்பி வந்தான். முகத்தில் சவரம் எதுவும் நடந்திருக்கவில்லை. காலணி முழுக்கப் பனி. இசைப்பெட்டிக்கு முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். தட்டைப் போடவில்லை. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, நாலரைக்கே, வாசலில் கெஸ்லரின் கார் வந்து நின்றது. ஆர்வெல்லா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் மேலே வருவதற்கு முன்னால் கீழே இறங்கிவிட்டாள். அவளுக்கு வந்த கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும்.

"நில்லுங்க, கெஸ்லர். என் புருஷனை என்ன ஏமாளின்னு நினைச்சீங்களா?"

"என்னம்மா ஆச்சு?"

"அவர் பாட்டுக்குத் தம்பியோட கைத்தட்டலை ஒட்டி வச்சிருக்கீங்க. தெரியாதவங்க கேட்டா பரவாயில்ல. அந்தக் கடையில இருந்தவங்க கேட்டா சிரிக்க மாட்டாங்களா? அவருக்கே தெரியாம இப்படிப் பண்ண உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

கெஸ்லர் தொப்பியைக் கழற்றினார். பனி விழுந்துகொண்டிருந்தது. மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவருக்குத் தெரியாமலா? அம்மா, செவ்வாய்க்கிழமை அவர் என் பக்கத்துலேயே நின்னார். நாடாவை வெட்டுற பிளேடு என் கையில இருந்துச்சு, அவ்வளவுதான். பாட்டைத் தூக்கு, கைத்தட்டலை மட்டும் விட்டு வை, அதை என் ரயில் பாட்டுக்குப் பின்னால ஒட்டுன்னு சொன்னது அவர். எந்த இடத்துல வெட்டணும்னு விரலை வச்சுக் காட்டினதும் அவர்தான். அங்கே சின்ன ஒலிப்பெட்டியில கேட்டதால உங்க குரல் அப்ப சரியா விழல. நான்கூட யாரோ கடைக்கு வந்த பெண்ணுன்னு நினைச்சேன்."

ஆர்வெல்லா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள். உறைந்த இரும்பு உள்ளங்கையில் சுரீரென்றது.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். மதியம் நாலு தடவை ஊசியை வைத்தபோதே தெரியும். அந்தக் கைத்தட்டல் எந்தப் பாட்டுக்கு விழுந்தது என்று தெரிந்த அவனிடமே போய், அவள் வேற யாருக்காம் என்று சொல்லியிருக்கிறாள்! அதைக் கேட்டுத்தான் அவன் சிரித்திருக்கிறான்.

கெஸ்லருக்கு முன்னால் அவள்தான் மேலே ஏறினாள். முன்னறையில் ரோஸ்கோ அதே நாற்காலியில் இருந்தான். அலோன்சோ கிடார் பெட்டியோடு சமையலறை வாசலில் நின்றான்.

"வாங்க, கெஸ்லர். ஒண்ணு கேக்கணும்" என்றான் ரோஸ்கோ. "அந்தக் கைத்தட்டல்ல ஒரு பொம்பளைக் குரல் வருது. அதை மட்டும் எடுக்க முடியுமா?"

"முடியாது, மிஸ்டர் பெட்டவே. காபியில விட்ட பாலைத் திரும்ப எடுக்கிற மாதிரி அது. வச்சா முழுசா வைக்கணும், எடுத்தா முழுசா எடுக்கணும்."

"எடுத்தா என் பாட்டுக்கு என்ன இருக்கும்?"

கெஸ்லர் தயங்கினார். "ஒரு பத்துப் பேர் தட்டுறாங்க. யாரோ ஒருத்தர் இருமுறார்."

"பதினாறு வருஷம் பாடினதுக்கு இருமல்" என்றான் ரோஸ்கோ.

ஆர்வெல்லாவால் பொறுக்க முடியவில்லை. "வீட்டுச் சாப்பாட்டுக்கு யாருய்யா கை தட்டுவாங்க? நம்ம ஆளுங்க நீ பாடுறப்ப கண்ணை மூடிக்குவாங்க. தலையை ஆட்டுவாங்க. குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. நானும் அப்படித்தான். தலையாட்டுறது நாடாவுல பதியுமா? அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ கத்தினது பதிஞ்சிருக்கே." அவன் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "மதியம் ஒரு கேள்வி கேட்டேன். பொய் சொன்னே. நான் திருடினது எனக்குத் தெரியும், நீ எதுக்குப் பொய் சொன்னே? இப்பச் சொல்லு. யாருக்குக் கத்தினே?"

"அவன் வாசிச்சதுக்கு."

"அவனுக்கு."

"அவன் வாசிச்சதுக்குன்னேன். நல்லா இருந்துச்சு, ரோஸ்கோ. என்னை அறியாம வந்துச்சு. அவ்வளவுதான்."

"அண்ணே, அண்ணியை ஏன்..." என்று அலோன்சோ வாயெடுத்தான்.

"நீ பேசாதடா! நீ ஒரு பாட்டு வாசிச்சே, என் இருபது வருஷத்தை எடுத்துட்டே. பெட்டியும் கையுமாத்தானே நிக்கிறே, போ."

அலோன்சோ வாசலிலேயே நின்றான். ரோஸ்கோ காகிதத்தை இசைப்பெட்டியின் மூடி மேல் வைத்து நீவினான். பேனாவை எடுத்தான்.

"கெஸ்லர், எடுக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். இருபது வருஷத்துல என் பொண்டாட்டி ஒரே ஒரு தடவை கத்தியிருக்கா. அது வேற யாருக்கோன்னு இந்த அறையில இருக்கிற நாலு பேருக்குத் தெரியும். கடையில தட்டு வாங்குறவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது எனக்காகத்தான். எனக்கு அது போதும்."

கையெழுத்துப் போட்டான். பெரிய எழுத்தில், கோணாமல் போட்டான். கெஸ்லர் கையை நீட்டினார்.

அதற்குள் காகிதம் ஆர்வெல்லாவின் கையில் இருந்தது.

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"அம்மா, கூட்டத்துல கத்துறவங்ககிட்ட யாரும் கையெழுத்து வாங்குறதில்ல" என்றார் கெஸ்லர்.

"எது கூட்டம்? என் புருஷன் என் குரல்னு கண்டுபிடிச்சார். என் கொழுந்தன் கண்டுபிடிச்சான். தெருவுல தெரிஞ்சவங்க அத்தனை பேரும் கண்டுபிடிப்பாங்க. நான் வாயைத் திறந்தது ஒரே தடவை. அதை ஒருத்தர் திருடி ஒட்டிக்கிறார், ஒருத்தன் தன்னுதுன்னு சண்டைக்கு வர்றான். அது என்னுது!" அவள் காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பாட்டுக்கு அது வந்துச்சோ அந்தப் பாட்டோட போறதா இருந்தா போகட்டும். அந்தப் பாட்டு இல்லாம என் குரலை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டுப் போக யாருக்கும் பாத்தியம் இல்ல. கட்டின புருஷனுக்கும் இல்ல."

காகிதத்தை நாலாக மடித்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கெஸ்லர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. வாசலில் அலோன்சோ கிடார் பெட்டியைக் கீழே வைத்தான்.

ரோஸ்கோவின் கையில் பேனா திறந்தபடியே இருந்தது. அவன் பையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் கெஸ்லரிடம் திரும்பினான்.

"அவன் பாட்டும் வந்தா," என்றான் தாழ்ந்த குரலில், "தட்டோட அட்டையில அவன் பேரும் வருமா?"